மலையகப் பாடசாலையும் மாணவர் கொடுமையும்

பாடசாலையில் மாணவர் சிலர் பிறிதொரு மாணவனைத் துன்புறுத்துவதைப் ‘பிள்ளைகளின் விளையாட்டு’ என ஒதுக்கிவிடுவது நம்மிடையே நெடுங்கால வழக்கமாகும். பல்கலைக்கழகப் பகிடிவதையின் கொடூரத்தை நாம் அறிவோம். 1997 இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர் ஒருவர் அதன் விளைவாக உயிரிழந்தார். 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. ஆயின், பகிடிவதை செய்யும் மனப்பாங்கு பல்கலைக்கழக வாயிலில் திடீரெனத் தோன்றுவதன்று. அதன் வேர்களைப் பாடசாலையிலும் தேடவேண்டும். மலையகத்து வட்டவளைப் பகுதியை மனத்திற்கொண்டு இப்பிரச்சினையை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்துறை ஆய்வினை 1970 களில் ஸ்கண்டிநேவியாவில் தொடக்கிவைத்த உளவியலாளர் டான் ஒல்வேயஸ், இக்கொடுமைக்கு மூன்று இயல்புகளைக் கூறினார்: அது வேண்டுமென்றே செய்யப்படுவது, மீண்டும் மீண்டும் நிகழ்வது, பலம் சமமற்றோரிடையே நிகழ்வது. இவற்றுள் மூன்றாவதே நமது கவனத்துக்குரியது. சமபலமுடைய இருவர் சண்டையிடுவது வேறு. எதிர்த்து நிற்க இயலாத ஒருவனைப் பலர் கூடி வருத்துவது வேறு. பலம் என்பது உடல்வலிமை மாத்திரமன்று. பிறப்பு, வாழிடம், மொழிவழக்கு, உடை ஆகியனவும் பலமாகவோ பலவீனமாகவோ அமைகின்றன. அவற்றை அவ்வாறு அமைப்பது சமூகமேயாகும்.

வட்டவளை, நாவலப்பிட்டிக்கும் ஹற்றனுக்கும் இடையே புகையிரதப் பாதையை அண்டியுள்ள தேயிலைப் பிரதேசம். தோட்டப் பாடசாலைகள் நீண்டகாலம் தோட்ட நிருவாகத்தின் கீழிருந்தன. ஆரம்ப வகுப்புகளுக்கு மேல் அங்கு கல்வி செல்லவில்லை. 1970 களின் பிற்பகுதியிலிருந்தே அரசு அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. மேலே கற்க விரும்பிய பிள்ளை நகரப் பாடசாலையை நாடவேண்டியிருந்தது. அங்கே அப்பிள்ளையை எதிர்கொண்ட சொற்கள் ‘தோட்டக்காட்டான்’, ‘கள்ளத்தோணி’ என்பனவாகும். இச்சொற்களைப் பிள்ளைகள் ஆக்கவில்லை. 1948 இன் குடியுரிமைச் சட்டமும், வாக்குரிமையைப் பறித்த 1949 இன் சட்டமும் ஒரு மக்கட் கூட்டத்தை அந்நியராக்கியபோது, அவ்வேளனத்துக்கு அரசின் அங்கீகாரமும் கிடைத்தது. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003 இன் சட்டம் குடியுரிமை வழங்கிற்று. சட்டம் மாறினும் சொல் முற்றாக மறையவில்லை.

எனினும், ஏளனம் வெளியிலிருந்து மாத்திரம் வருவதாகக் கொள்ளுதல் பொருந்தாது. தோட்டத்தினுள்ளேயே சாதி வேறுபாடும், உத்தியோகத்தர் பிள்ளை, தொழிலாளர் பிள்ளை என்ற வேறுபாடும் உள. ஒடுக்கப்பட்ட சமூகம் தனக்குள்ளே ஒடுக்குமுறையைப் பேணுவதை நாம் மறைத்தலாகாது. வட்டவளை இலங்கையின் மிகுமழை பெறும் இடங்களுள் ஒன்று. அங்கு ஆண்டு மழைவீழ்ச்சி 5,000 மில்லிமீற்றரை மிஞ்சும். லயத்து ஓரறையில் காயாத சீருடையும் நனைந்த புத்தகமும் வறுமையின் அடையாளங்கள்; அவையே கேலிக்கும் பொருளாகிவிடுகின்றன.

ஆசிரியரின் பிரம்பும் இங்கு கருதத்தக்கது. உடற்றண்டனையைக் கல்வியமைச்சின் 2005 ஆம் ஆண்டுச் சுற்றுநிருபம் தடைசெய்தது. பலமுடையவர் அடிக்கலாம் என்பதை ஆசிரியர் செயலாற் கற்பித்தால், நல்லொழுக்கம் பற்றி அவர் வாயாற் கூறுவது பயன் தராது.

இதனைத் தடுத்தல் இயலுமா? நோர்வேயில் 1982 இன் இறுதியில் சிறுவர் மூவர் தற்கொலை செய்துகொண்டதையடுத்து, 1983 இல் நாடளாவிய இயக்கம் தொடங்கிற்று. பேர்கன் நகரப் பாடசாலைகளில் இக்கொடுமை ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்ததை ஒல்வேயஸ் கண்டார். தனி மாணவரைத் தண்டிப்பதன்றி, முழுப் பாடசாலையையும் மாற்ற முனைந்ததே அதன் சிறப்பாகும். வேடிக்கை பார்ப்போரின் மௌனமே கொடுமைக்கு ஊக்கமளிக்கிறது என்பதைப் பின்லாந்து ஆய்வுகள் உணர்த்தின. எனவே, பார்த்துநிற்கும் பிள்ளையைப் பாதிக்கப்பட்டவன் பக்கம் நிற்கப் பழக்குதல் முதற்பணியாகும்.

நமது சூழலில் இதனைச் சில நடைமுறைகளாக வகுக்கலாம். இடைவேளையிலும், தண்ணீர்க் குழாயடியிலும், தேயிலை மலைகளினூடே வீடு திரும்பும் ஒற்றையடிப் பாதையிலும் ஆசிரியர் கண் எட்டுவதில்லை. அங்கே மூத்த மாணவரிடம் சிறியோரின் பாதுகாப்பை ஒப்படைத்தல் வேண்டும். முறைப்பாடு வந்தால் இரு தரப்பினரையும் தனித்தனியே விசாரித்தல் வேண்டும். எல்லோர் முன்னிலையிலும் கைகுலுக்கச் செய்வது, பலம் சமமற்ற இருவரைச் சமமானவராகப் பாவிப்பதாகும். அது பாதிக்கப்பட்டவனை மீண்டும் தனிமைப்படுத்தும். துன்புறுத்தியவனும் பிள்ளையே, அவனை விலக்காது, செயலுக்குப் பொறுப்பேற்கச் செய்தல் வேண்டும். பெற்றோர் பகலிற் பாடசாலைக்கு வருவதாயின் ஒருநாட் பேரை இழக்கவேண்டும். ஆகவே சந்திப்புகள் வேலை முடிந்த மாலையில் அமைதல் நன்று. பாடசாலையால் தீர்க்கவியலாதபோது, 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையை 1929 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

மலையகப் பிள்ளைக்கு லயத்திலிருந்து வெளியேறக் கல்வியே பெருவழியாக இருந்து வந்துள்ளது. ஏளனத்துக்கு அஞ்சி ஒரு பிள்ளை பாடசாலையை விட்டு நின்றால், இழப்பு அப்பிள்ளையோடு முடிவதில்லை. பரம்பரைக் கூலியுழைப்பின் சங்கிலியில் மேலும் ஒரு கண்ணி சேர்கிறது. மாணவர் கொடுமையை ஒழிப்பது வெறும் ஒழுக்கப் பிரச்சினையன்று. அது சமூக நீதிக்கான போராட்டத்தின் ஒரு கூறே எனலாம்.