கல்லாவுக்கு இரண்டாவது துப்பாக்கி தேவையா?

ரங்கநாதன் தெருவானாலும், மயிலாப்பூர் மாட வீதியானாலும், அடையாறானாலும், இரவு கடையை அடைத்து வசூலோடு வீடு திரும்பும்போது நமக்கு நெஞ்சு படபடக்கத்தான் செய்கிறது. கைத்துப்பாக்கி உரிமம் பெற்ற வணிகர் ஒருவர், "அது பழுதானால் மாற்றாக இன்னொன்று வைத்துக்கொள்ளலாமா?" என்று நம்மிடம் கேட்டார்.

சட்டத்தில் இடமுண்டு. முன்பு ஒருவர் 3 துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 2 ஆக்கியது. உரிமக் காலமும் 3 ஆண்டிலிருந்து 5 ஆயிற்று. சென்னையில் உரிமம் வழங்குபவர் மாநகரக் காவல் ஆணையர்.

ஆனால், வழிப்பறிக்காரன் சொல்லிவிட்டு வருவதில்லை. இடுப்பிலிருப்பதை எடுக்கவே நேரமிருக்காது, இரண்டாவது எதற்கு? நெரிசலான தெருவில் குறி தவறினால் குண்டு வாடிக்கையாளர் மேல் பாயும். பிறர் உயிருக்கு ஆபத்தாகக் கவனக்குறைவாய்ச் சுட்டால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. தற்காப்பு உரிமையும் தேவைக்கு மிஞ்சிய தீங்குக்கு இடம் தராது. பையைப் போட்டுவிட்டு ஓடுகிறவனைச் சுட்டால் கூண்டில் நிற்பவர் நாமே. மேசை இழுப்பறையில் கிடக்கும் துப்பாக்கி கடைப் பையன் கையில் சிக்கினாலோ, கேட்கவே வேண்டாம்.

ஆகவே நம் யோசனை இதுதான்: வசூலைப் பகலிலேயே வங்கியில் கட்டுங்கள். தினமும் ஒரே நேரம், ஒரே வழி வேண்டாம். துணைக்கு ஓர் ஆள் வரட்டும். வழியில் பறிபோகும் பணத்துக்கும் சேர்த்துக் காப்பீடு எடுங்கள். இரண்டாவது துப்பாக்கிக்கு வைத்திருக்கும் பணம் அந்தப் பிரீமியத்துக்குப் போகட்டும்.