உங்களுக்குத் தெரியுமா? ஆண் ஹார்மோன் ஊசியும் சொல்லாமல் மறைக்கும் கவலைகளும்

ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து, கனகம்மாசத்திரம் வழியாகத் திருத்தணிக்கு நடப்பவர்கள் வணங்கும் முருகனின் கொடியில் சேவல் இருக்கிறது. ஆண் ஹார்மோன் என்று ஒன்று உண்டு என்பதை உலகுக்குக் காட்டியதும் சேவல்தான். 1849இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் அர்னால்ட் பெர்தோல்ட் என்பவர் இளஞ்சேவல்களின் விரைகளை எடுத்துப் பார்த்தார். கொண்டை சுருங்கியது, கூவல், சண்டை, பெட்டை மீதான நாட்டம் எல்லாம் போயின. விரையை மறுபடி வயிற்றுக்குள் வைத்துத் தைத்த சேவல்களோ வழக்கம்போல் வளர்ந்தன. ரத்தம் வழியாக ஏதோ ஒன்று உடம்பெங்கும் போகிறது என்று அவர் புரிந்துகொண்டார். அந்த ஒன்று 1935இல் பிரித்தெடுக்கப்பட்டு டெஸ்டோஸ்டிரோன் என்று பெயர் பெற்றது.

●

டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருக்கும், பகல் ஏற ஏற இறங்கும். கனகம்மாசத்திரத்தில் பஸ் ஏறி, சென்னை போய்ச் சேர்ந்து, மதியம் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தால் நல்ல உடம்புக்காரருக்கும் அளவு குறைவாகக் காட்டலாம். திருத்தணியிலோ திருவள்ளூரிலோ காலை 10 மணிக்குள், வெறும் வயிற்றில், இரண்டு வெவ்வேறு நாட்களில் கொடுங்கள். இரண்டு முறையும் குறைவு, உடம்பிலும் அறிகுறி உண்டு என்றால்தான் ஊசியைப் பற்றிப் பேச்சே.

●

‘ஆண்மைக் குறைவா? ஒரே மாதத்தில் தீர்வு’ என்று சுவரில் ஒட்டுவது 1954ஆம் ஆண்டின் மருந்து, மாயத் தீர்வு விளம்பரத் தடைச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே 6 மாதம் வரை சிறை உண்டு.

●

இந்தப் பகுதியில் நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. குழந்தை வேண்டும் என்று நினைப்பவர் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டால், அந்த ஊசியே குழந்தைக்குத் தடையாகலாம். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும், ‘போதுமான அளவு இருக்கிறது’ என்று மூளை எண்ணிக்கொள்கிறது. பிட்யூட்டரி சுரப்பி விரைகளுக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்துகிறது. விரைகள் வேலையின்றிச் சுருங்குகின்றன. விந்தணு எண்ணிக்கை சரிகிறது, பலருக்குப் பூஜ்யத்துக்கே போகிறது. உலக சுகாதார நிறுவனம் வாரம் 200 மில்லிகிராம் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்து, 1990இல் முடிவை வெளியிட்டது என்றால் இதன் வேகத்தை எண்ணிப் பாருங்கள். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகிறது, சோர்வாக இருக்கிறது என்று போகும் பையனுக்கு, குழந்தை ஆசை உண்டா என்று கேட்காமல் இந்த ஊசியைப் போடுவது பெரிய அநியாயம். அவன் மனைவியோ ‘விசேஷம் இல்லையா’ என்ற கேள்வியைத் தினமும் சுமக்கிறாள்.

வழி இருக்கிறது. ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் விந்தணு திரும்புகிறது. சிலருக்கு இரண்டு வருடம்கூட ஆகும். குழந்தை வேண்டுவோருக்கு, விரைகளையே வேலை செய்யத் தூண்டும் எச்.சி.ஜி. ஊசியையோ குளோமிஃபீன் மாத்திரையையோ மருத்துவர் யோசிப்பார். முதல் ஊசிக்கு முன்பே விந்தணுவைச் சேமித்து வைக்கவும் முடியும்.

●

ஊசி போட்ட சில நாள் ஆசை பொங்குகிறது, அடுத்த ஊசி நெருங்கும்போது ஆசையும் இல்லை, எரிச்சல்தான் மிச்சம் என்று சொல்பவர்கள் உண்டு. குறை அவர்கள் மனதில் இல்லை. இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசியில் ரத்த அளவு மலை ஏறி இறங்குவதுபோல் ஏறி இறங்கும். அளவைக் குறைத்து அடிக்கடி போடலாம். 10 முதல் 14 வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசிக்கும் மாறலாம். எந்த நாளில் எப்படி இருந்தது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு போனால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது.

●

மார்பு வலித்து வீங்குகிறதா? டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதி, பெரிதும் கொழுப்புத் திசுவில், ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. தொப்பை பெரிதானால் மாற்றமும் அதிகம். இந்த மாற்றத்தைத் தடுக்கும் மாத்திரையை மருந்துக் கடையில் நீங்களே கேட்டு வாங்கி விழுங்காதீர்கள். ஈஸ்ட்ரோஜன் மிகவும் குறைந்தால் ஆண்களுக்கு ஆசையும் குறையும், எலும்பும் தேயும்.

●

டெஸ்டோஸ்டிரோனை ஜெல் வடிவில் தடவுபவர்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, தடவிய இடத்தைச் சட்டையால் மூடிக்கொள்ள வேண்டும். அப்பாவின் தோளில் தூங்கும் குழந்தைக்கு அது ஒட்டி, வயதுக்கு மீறிய பருவ மாற்றங்கள் வந்ததால் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2009இல் கடும் எச்சரிக்கை விடுத்தது.

●

ஊசி போட்டும் விறைப்பு வரவில்லையா? ஹார்மோன் முக்கியமாக ஆசையைத் தூண்டும். விறைப்புக்கு ரத்தக் குழாயும் நரம்பும் நன்றாக இருக்க வேண்டும். பல வருடச் சர்க்கரை நோயும் புகையும் அந்த இரண்டையும்தான் கெடுக்கின்றன. ஊசி அளவைக் கூட்டச் சொல்லிக் கேட்காதீர்கள். கூட்டினால் ரத்தம் கெட்டிப்படும். சிவப்பணுக்களின் பங்கு 54 சதவீதத்தைத் தாண்டினால் சிகிச்சையையே நிறுத்தி வைப்பார்கள்.

சில்டெனாஃபில் மாத்திரை பலருக்கு உதவும். ஆனால் நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் மாத்திரை வைப்பவர் இதைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தான அளவு சரியும். ரகசியமாக வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருக்கும் அந்த மாத்திரையைப் பற்றி மனைவிக்காவது தெரிந்திருக்கட்டும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திருத்தணி அரசு மருத்துவமனைக்குப் போகும் ராத்திரியில், மருத்துவர் முதலில் கேட்கும் கேள்விகளில் அதுவும் ஒன்று.