எட்டாம் வகுப்புக்கு எந்த அரசுப் பள்ளி?

கேரளத்தில் ஹைஸ்கூல் எட்டாம் வகுப்பில் தொடங்குகிறது. கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் பிள்ளைகளைச் சேர்க்கப் பள்ளி தேடும் தமிழ்ப் பெற்றோரின் சந்தேகங்களும் விளக்கங்களும்.

நூறு சதவீதத் தேர்ச்சி காட்டும் பள்ளிதானே சிறந்தது?

எஸ்.எஸ்.எல்.சி.யில் மாநிலத் தேர்ச்சியே 2024-இல் 99.69 சதவீதம், 2025-இல் 99.5. ஏறக்குறைய எல்லோரும் தேறும் தேர்வில் இந்த எண் பள்ளிகளைப் பிரித்துக் காட்டாது. தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ், எத்தனை பேர் டி பிளஸ்ஸோடு நின்றார்கள் என்று மூன்று ஆண்டுக் கணக்கைக் கேளுங்கள்.

தமிழ் மீடியத்தில் சேர்த்தால் தேர்வில் சிரமமா?

இல்லை. எஸ்.எஸ்.எல்.சி. வினாத்தாள் தமிழிலும் உண்டு. விசாரிக்க வேண்டியது வேறு: கணக்கையும் அறிவியலையும் நடத்துபவருக்குத் தமிழ் தெரியுமா? கன்னட மீடியம் வகுப்புகளுக்குக் கன்னடம் அறியாத ஆசிரியர்கள் வந்தபோது காசர்கோட்டில் மாணவர்களும் பெற்றோரும் போராடினார்கள். நாமும் இதைக் கண்டிப்பாகக் கேட்க வேண்டும்.

எட்டாம் வகுப்பில் இனி எல்லோரும் தேறிவிட மாட்டார்களாமே?

2024-25 முதல் எட்டாம் வகுப்பு எழுத்துத் தேர்வில் ஒவ்வொரு பாடத்திலும் 30 சதவீதம் பெற வேண்டும். குறைந்தால் கூடுதல் வகுப்பும் மறுதேர்வும் நடக்கும். அந்தக் கூடுதல் வகுப்பு தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழில் நடக்கிறதா என்று பாருங்கள்.

அரசுப் பள்ளி, எய்டட் பள்ளி: என்ன வேறுபாடு?

இரண்டிலும் ஆசிரியர் சம்பளத்தை அரசே தருகிறது, பாடத்திட்டமும் ஒன்றே. எய்டட் பள்ளியில் ஆசிரியரை நியமிப்பவர் மேனேஜர். அரசுப் பள்ளியில் பி.எஸ்.சி. வழி நியமனம்.

பிளஸ் ஒன்னையும் இப்போதே யோசிக்க வேண்டுமா?

ஆம். அதே பள்ளியில் பத்தாம் வகுப்பு படித்தவருக்குப் பிளஸ் ஒன் சேர்க்கையில் போனஸ் புள்ளி உண்டு. எந்தெந்தப் பாடப்பிரிவுகள் உள்ளன, தமிழை இரண்டாம் மொழியாக எடுக்கலாமா என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

பிள்ளைகள் குறைந்த தமிழ் டிவிஷனை நம்பலாமா?

பள்ளி திறந்து ஆறாவது வேலைநாளில் எடுக்கும் தலைக்கணக்கை வைத்தே டிவிஷன்களும் ஆசிரியர் பணியிடங்களும் முடிவாகின்றன. நாம் தயங்கி விலகினால் தமிழ் ஆசிரியர் பணியிடம் போகும். அது போனால் அடுத்த ஆண்டு சேர்க்க வருபவருக்கு வகுப்பே இருக்காது. ஆகவே ஒரே ஊர்ப் பெற்றோர் கலந்து பேசி, அந்த நாளுக்கு முன்பே பிள்ளைகளைச் சேர்த்துவிடுங்கள். பிறகு பி.டி.ஏ. கூட்டத்துக்குத் தவறாமல் போய், காலிப் பணியிடங்களை நிரப்பச் சொல்லி எழுத்தில் மனுக் கொடுங்கள்.