மீற்றரில் 40, கார் நின்ற இடத்திலேயே

கடந்த ஓகஸ்ட் விடுமுறையில் நாவலடிக் கடற்கரைக்குப் போயிருந்தோம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மட்டக்களப்பு வாவி, நடுவில் நீண்டு கிடக்கும் மணல். பொழுதுபட்டதும் மச்சான் காரைக் கிளப்பினார். எஞ்சின் உறுமியது. மீற்றர் முள் 40 வரை ஏறியது. கார் அசையவேயில்லை.

"கிளச் போயிற்றுதுபோல" என்றார் மச்சான், முகம் வாடி.

ஏழாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகள், என் மருமகள், தள்ளி நின்று எட்டிப் பார்த்தாள். "அப்பா, முன் சில்லு சுத்துதே!"

பாதி வைத்தியம் அந்த ஒரு சொல்லிலேயே முடிந்தது. எஞ்சின் உறுமியும் சில்லு சுற்றாவிட்டால் கோளாறு காருக்குள் இருக்கிறது. கிளச் தேய்ந்து வழுக்கும், கருகிய மணமும் வரும். சில்லு சுற்றியும் கார் நகராவிட்டால் டயரும் நிலமும் தொடும் இடத்தைப் பார்க்க வேண்டும். மீற்றர் ஏன் 40 காட்டியது தெரியுமா? அதற்கு வீதி தெரியாது. சில்லைச் சுழற்றும் பற்சக்கரங்களின் சுற்றை மட்டும் அது எண்ணுகிறது.

அந்தத் தொடும் இடம் எவ்வளவு பெரிது? கணக்குப் போடுவோம். காரின் எடை 1000 கிலோ என்றால் ஒரு சில்லுக்கு 250 கிலோ. கராஜில் "காற்று 30" என்பார்களே, அது சதுர சென்ரிமீற்றருக்குச் சுமார் 2 கிலோ அழுத்தம். 250ஐ 2ஆல் வகுத்தால் 125 சதுர சென்ரிமீற்றர். பெரியவர் ஒருவர் கையை விரித்து வைத்த அளவு, அவ்வளவுதான்! நாலு கையளவு இடத்தில்தான் முழுக் காரும் வீதியைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. எத்தனை தடவை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

காய்ந்த மணலில் அந்தக் கையளவு இடம் போதாது. மணிகள் ஒன்றின்மேல் ஒன்று உருண்டு விலகும்; சில்லு வேகமாகச் சுற்றச் சுற்றத் தனக்கே குழி தோண்டும். அதனால் அக்சிலேட்டரை மிதிப்பதை முதலில் நிறுத்தினோம். எல்லோரும் இறங்கினோம், எடை குறைந்தது. சில்லுக்கு முன்னால் இருந்த மணலைக் கையால் வாரி அள்ளித் தென்னோலை பரப்பினோம். பிறகு மச்சான் முன் டயர்களில் காற்றைப் பாதியாக இறக்கினார். 125ஐ 250 ஆக்கும் வித்தை அது. அழுத்தம் பாதியானால் டயர் தட்டையாகி ஏறத்தாழ இருமடங்கு இடத்தில் படியும். மெதுவாக, மிக மெதுவாக, கார் ஊர்ந்து வெளியே வந்தது. தார் வீதிக்கு வந்ததும் ஊர்ந்தபடியே பக்கத்துக் கடைக்குப் போய்க் காற்றை நிரப்பினோம். காற்றுக் குறைந்த டயர் வேகமாக ஓடினால் நெளிந்து நெளிந்து சூடேறி வெடிக்கக்கூடும்.

அதே கார், டிசெம்பர் மழையில், வாவிக்கு அக்கரையான படுவான்கரையில் மறுபடி நின்றது.

2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அவ்விடத்தில் வாவியைப் 'பாதை'யில்தான் கடக்க வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் பாதை என்றால் வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றிச் செல்லும் மிதவை! இப்போது பாலத்தில் ஏறிச் சில நிமிடங்களில் அக்கரை. கொக்கட்டிச்சோலையைத் தாண்டி வயலோர ஒழுங்கையில் திரும்பினோம். முன் சில்லு வழுக்கியது.

மச்சான் காற்றை இறக்கப் போனார். நான் மறித்தேன். கடலோரம் மணல், இங்கே களி. இரண்டுக்கும் நேர்மாறான குணம். மணல் சற்று ஈரமானால் மணிகளுக்கிடையே உள்ள நீர் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கும். மணல்வீடு நிற்பது அதனால்தான். களியோ காய்ந்தால் கல், நனைந்தால் வெண்ணெய். களித் துணிக்கைகள் 0.002 மில்லிமீற்றரிலும் சிறிய தட்டையான தகடுகள். நடுவில் நீர் புகுந்ததும் நனைந்த சீட்டுக்கட்டுப் போலத் தகடுமேல் தகடு சறுக்கும். அந்தக் களி டயரின் வெட்டுகளை அடைத்துவிட்டால் டயர் மொட்டையாகிவிடும். உழவு இயந்திரத்தின் பெரிய சில்லைப் பாருங்கள்: உயரமான கட்டைகள், இடையில் அகன்ற இடைவெளி. சுற்றும்போதே சேற்றை உதறிவிடும்.

இன்னொன்றையும் மருமகள்தான் கண்டாள். இடது சில்லு மட்டும் சுற்றியது, வலது சும்மா நின்றது. வளைவில் வெளிப்பக்கச் சில்லு கூடுதல் தூரம் ஓட வேண்டும் என்பதற்காக இரண்டுக்கும் நடுவே 'டிபரென்சல்' என்ற பற்சக்கரக் கூட்டம் இருக்கிறது. எந்தப் பக்கம் இலேசாகச் சுழல்கிறதோ அந்தப் பக்கத்துக்கே அது சுற்றைக் கொடுத்துவிடும். ஆகவே மருந்து, சுற்றுகிற சில்லுக்கு. எஞ்சினை நிறுத்திவிட்டு வெட்டுகளில் இருந்த களியைக் குச்சியால் தோண்டினோம். இடது சில்லின் அடியில் பனைமட்டையும் கிரவலும் போட்டோம். எல்லோரையும் பக்கவாட்டில் தள்ளி நிற்கச் சொன்னேன். சுற்றும் சில்லு மட்டையைக் கல்லாய் எறியும், அதன் முன்னும் பின்னும் யாரும் நிற்கக்கூடாது. இரண்டாம் கியரில் கிளப்பினார். முதல் கியரில் சில்லுக்கு விசை அதிகம், பிடி சட்டென்று அறுந்துவிடும். கார் ஏறியது.

வீட்டுக்கு வரும் வழியில் காபட் வீதியில் மழைநீர் தேங்கியிருந்தது. வேகமாகப் போனால் டயர் நீரை ஒதுக்க நேரமின்றி அதன்மேல் மிதந்துவிடும். அப்போது ஸ்டேரிங்கும் பிரேக்கும் சொல் கேளா. நீரை ஒதுக்கி விடுவது டயரின் வெட்டுகள்தான். பல நாடுகளில் அவற்றின் ஆழம் 1.6 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் வாகனம் வீதிக்கு வரக்கூடாது.

மருமகள் இதைக் கேட்டுக்கொண்டே வந்தாள். மறுநாள் காலை அடிமட்டத்தோடு காரடியில் குந்தியிருந்தாள். பின் டயர்களின் வெட்டுகளில் 4, 4 மில்லிமீற்றர். முன் டயர்களில் 2, 2; 1.6ஐ நெருங்கிவிட்டது. நாலு எண்ணையும் திகதியையும் சோக்கால் வாசல் சுவரில் எழுதிவிட்டு, "அப்பா, முன்னுக்கு ரெண்டும் மாத்தவேணும்" என்றாள். மச்சான் சுவரைப் பார்த்தார். பிறகு கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு டயர் கடைக்குப் போனார்.