இரண்டாகப் போன சிப்பாய்

உங்கள் வீட்டுப் பரணில் பழைய தகரப் பெட்டி ஒன்று இருக்கிறதா? அதில் சக்கரம் போன கார், கை போன பொம்மை இத்யாதிகள் கிடக்கின்றனவா? அப்படியானால், பழைய பிளாஸ்டிக் வாங்குகிறவனைக் கூப்பிடுவதற்கு முன் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

போன நவராத்திரிக்குத் திருச்சுழியில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த ஊருக்கு வருகிறவர்கள் திருமேனிநாதரைத் தரிசித்து, ரமண மகரிஷி 1879-ல் பிறந்த வீட்டையும் பார்த்துவிட்டுப் போவார்கள். நான் பார்த்தது அத்தையின் தகரப் பெட்டியை!

கொலுப் பொம்மைகளுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் சிப்பாய் கிடந்தான். நாலு அங்குலம்கூட இல்லை. எடுத்ததும் இடுப்புக்கு மேல் வேறு, கீழ் வேறாகப் போய்விட்டான். அத்தையின் பேரன் உடனே திருப்புளியைத் தேடி ஓடினான்.

“தொடாதே! உங்கப்பா பத்து வயசிலே அழுது வாங்கினது. அப்படியே இருக்கட்டும்” என்றாள் அத்தை. பையனின் அப்பா இப்போது துபாயில் இருக்கிறார்.

“உடைக்கலை அப்பத்தா, பிரிக்கத்தான் போறேன்” என்றான் பையன். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அத்தை என்னைப் பார்த்தாள்.

வித்தியாசம் உண்டு, சகோதரிகளே! 1964-ல் அமெரிக்காவில் ஹாஸ்ப்ரோ கம்பெனி ‘ஜி.ஐ.ஜோ’ என்ற சிப்பாயை வெளியிட்டது. ‘பொம்மை’ என்றால் பையன்கள் தொடமாட்டார்கள் என்று ‘ஆக்‌ஷன் ஃபிகர்’ என்று பெயர் சூட்டினார்கள். (ஆண்பிள்ளைகளின் கௌரவத்துக்கு அந்த வயதிலேயே எத்தனை உபசாரம்!) முதலில் ஓரடி உயரம், 1982-ல் மூன்றே முக்கால் அங்குலமாகக் குறுகினான். 1987-ல் தொடங்கிய ஃபன்ஸ்கூல் நம் நாட்டிலேயே அவனைத் தயாரித்தது. அமெரிக்காவில் ஒரு நிறத்தில் வந்த சில சிப்பாய்கள் இங்கே வேறு நிறத்தில் வந்தார்கள். அவர்களை இன்று வெளிநாட்டுக்காரர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

இந்தச் சிப்பாயின் முதுகில் ஒரே ஒரு திருகாணி. அதைக் கழற்றினால் மார்பு முன்னும் பின்னுமாக இரண்டு ஓடாகப் பிரியும். தலையும் கைகளும் தானே விடுபடும். கால்களை இணைக்கும் கொக்கியில் மாட்டிய ஒரு ரப்பர் வளையம் இடுப்பு வழியாக ஏறி, மார்புக்குள் இருக்கும் தண்டில் மாட்டியிருக்கும். உடம்பு முழுவதும் அந்த வளையத்தை நம்பித்தான் நிற்கிறது. வருஷக் கணக்கில் வெயில் ஊரில் கிடந்தால் எந்த ரப்பர்தான் தாங்கும்? திறந்தபோது மிளகுப்பொடி மாதிரி உதிர்ந்தது.

மோட்டார் பம்ப் சாமான் விற்கும் கடையில் ‘ஓ ரிங்’ என்று கேளுங்கள்; சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். தடித்த வளையமானால் மார்பு மூடாது. தொளதொளப்பானால் கால் தள்ளாடும். இரண்டு மூன்று அளவு வாங்கி வருவது உத்தமம். திருகாணிக்குச் சரியான திருப்புளியே வேண்டும், இல்லாவிட்டால் அதன் தலை மழுங்கிவிடும். துப்பாக்கியைக் கையில் திணிக்க வேண்டாம், கட்டை விரல் முறிந்துவிடும். பெண் குழந்தைகளின் ரப்பர்த் தலைப் பொம்மையானால், தலையைக் கொஞ்சம் வெந்நீரில் வைத்து இளக்கிய பிறகே கழற்றுங்கள்.

பிரித்த பின் புது வேஷம் போடலாம். சோப்பு நீரில் கழுவி உலர்த்தி, அக்ரிலிக் வர்ணத்தை மெல்லிசாகப் பூச வேண்டும். மூட்டுகளில் தடிப்பாகப் பூசினால் உரிந்து வரும். நகப்பூச்சு மட்டும் கூடாது! சின்ன வயதில் நான் தடவிப் பார்த்து, பொம்மையின் தோள் இளகிப் பிசுபிசுத்து, தம்பியிடம் ஒரு வாரம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

பையனுக்கு அவனை ஐயனார் கோயில் காவல்காரனாக்க ஆசை. சிவப்புத் தலைப்பாகை, வெள்ளை வேஷ்டி, முறுக்கு மீசை. அத்தை வெகு நேரம் பேசவேயில்லை. பிறகு சிப்பாயின் கன்னத்தைக் காட்டினாள். அங்கே ஒரு நீல மசிப் புள்ளி.

“திருஷ்டி படாமலிருக்க உங்கப்பா பேனாவாலே வெச்சது. அதை மட்டும் அழிக்காதே.”

பையன் அந்தக் கன்னத்தில் தூரிகையே வைக்கவில்லை. மீசையைக்கூட ஒரு பக்கம் சற்றுக் குட்டையாகத்தான் வரைந்தான்.

கொலுவின் கீழே பூங்கா வாசலில் காவல்காரன் நின்றான். அன்று இரவு துபாயிலிருந்து கூப்பிட்ட அவன் அப்பாவுக்குப் பையன் செல்போனிலே கொலுவைக் காட்டினான். படி படியாகப் பார்த்து வந்தவர் சட்டென்று, “அந்த மீசைக்காரனைக் கிட்டே காட்டு” என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“அம்மா எங்கேடா? அம்மாகிட்டே கொடு” என்றார்.