கிளச்சுக் குழாயிற் புகுந்த காற்று

மோட்டார் வண்டியின் கிளச்சு மிதியை அடிவரை அழுத்தும்போது நமது கால் எவ்வளவு திரவத்தைத் தள்ளுகின்றது என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா? சிறிய கார்களிலும் வான்களிலும் அது ஏறக்குறைய 5 கன சென்ரிமீற்றர். அதாவது ஒரு தேக்கரண்டி அளவு. சுழன்றுகொண்டிருக்கும் எஞ்சினைச் சில்லுகளிலிருந்து பிரித்து வைப்பது இந்த ஒரு தேக்கரண்டித் திரவமே. அதிற் கால்வாசி இடத்தைக் காற்றுப் பிடித்துக்கொள்ளுமாயின், நேற்றுவரை பழகிய பசுவைப் போல அடங்கி ஓடிய வண்டி, இன்று கியர் மாற்ற விடாது முரண்டு பிடிக்கின்றது.

இக்காலத்திற் கிளச்சு மிதியே இல்லாத வண்டிகள் பல வந்துவிட்டன. ஆயினும் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வான்களும், மரக்கறி மூட்டைகளைச் சுமந்து வரும் லொறிகளும் பெரும்பாலும் மிதியை நம்பியே ஓடுகின்றன. மிதி பழுதானால் அன்றைய வருமானம் நின்றுவிடும். அதனினும் மேலாக, மிதியை அழுத்தியும் வண்டி நில்லாது முன்னே ஊருமாயின், அது புகையிரதக் கடவையிலும் சனம் நிறைந்த சந்தியிலும் உயிருக்கே ஆபத்தாகும். ஆதலின் இக்குறையை இனங்காணும் வழியை வண்டிக்காரர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நன்று.

முதலிற் கிளச்சு எவ்வாறு இயங்குகின்றது என்பதைப் பார்ப்போம். எஞ்சினின் பறப்புச்சில்லுக்கும் கியர்ப்பெட்டிக்கும் இடையில் ஒரு தட்டு இருக்கின்றது. வலிமை மிக்க வில் ஒன்று அத்தட்டைப் பறப்புச்சில்லோடு சேர்த்து இறுக்கி வைத்திருக்கும். நாம் மிதியை அழுத்தும்போது அந்த வில்லின் பிடி தளர்கின்றது, தட்டுத் தனித்து நிற்கின்றது, கியரை மாற்றலாம். காலின் விசையை அந்த வில்வரை கொண்டு செல்வதற்கு முற்காலத்தில் இரும்புத் தண்டுகளும் கம்பி வடங்களும் பயன்பட்டன. நம் நாட்டு வீதிகளில் இன்றும் ஆங்காங்கே காணப்படும் மொறிஸ் மைனர் கார்கள் தண்டு முறையைக் கொண்டவை. 1958இல் வெளிவந்த இரண்டாம் வரிசை லாண்ட் றோவரிலும், 1959இல் வெளிவந்த மினிக் காரிலும் தண்டின் வேலையைத் திரவம் ஏற்றுக்கொண்டது. பிற்காலத்தில் யப்பானிலிருந்து வந்த ஹையேஸ் வான்களும் இசுசு எல்ஃப் லொறிகளும் இம்முறையையே பின்பற்றின.

இம்முறையில் இரண்டு சிலிண்டர்கள் உண்டு. மிதியோடு இணைந்திருப்பது மாஸ்டர் சிலிண்டர்; கியர்ப்பெட்டியின் அருகே இருப்பது ஸ்லேவ் சிலிண்டர். ஒன்று ஏவுகின்றது, மற்றையது ஏவலைச் செய்கின்றது என்று கொள்ளலாம். இரண்டையும் ஒரு மெல்லிய குழாய் இணைக்கின்றது. ஒவ்வொரு சிலிண்டரினுள்ளும் ஒரு பிஸ்டனும், அதன் முகத்திற் கிண்ணம் போன்ற ஒரு றப்பரும் உண்டு. இதனைக் கராச்சுகளிற் கப் என்பர். மாஸ்டர் சிலிண்டருக்கு மேலே திரவம் நிறைந்த சிறு பாத்திரம் ஒன்று அமைந்திருக்கும்.

இரண்டு பழைய விதிகள் இங்கே ஒன்றோடொன்று மோதுகின்றன. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்திற் கொடுத்த அமுக்கம் குறையாது எல்லாத் திசைகளிலும் பரவும் என்பது பிரெஞ்சு அறிஞர் பஸ்கால் கண்ட உண்மை. அதைக் கூறும் அவரது நூல் அவர் இறந்த மறு ஆண்டாகிய 1663இல் வெளிவந்தது. அதற்கு ஓராண்டு முன்னர், 1662இல், அமுக்கம் கூடக் கூடக் காற்றின் கனவளவு அதே விகிதத்திற் சுருங்கும் என்பதை றொபேட் பொயில் வெளியிட்டார். கிளச்சு, பஸ்காலை நம்பிக் கட்டப்பட்டது. குழாயினுட் காற்றுப் புகுந்தால் அங்கே பொயிலின் ஆட்சி தொடங்குகின்றது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மிதி 150 மில்லிமீற்றர் கீழிறங்குகின்றது என்றும், மிதியின் நெம்புகோல் விகிதம் ஆறுக்கு ஒன்று என்றும் வைத்துக்கொள்வோம். மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் 25 மில்லிமீற்றர் நகரும். அச்சிலிண்டரின் விட்டம் 16 மில்லிமீற்றர் எனின், அது தள்ளும் திரவம் நாம் கூறிய 5 கன சென்ரிமீற்றர். ஸ்லேவ் சிலிண்டரின் விட்டம் 19 மில்லிமீற்றராயின், அதன் தண்டு 17 மில்லிமீற்றருக்குச் சற்று மேலாக நகரும். இனிக் காலின் விசை 15 கிலோகிராம் எனின், ஆறு மடங்காகி 90 கிலோகிராமாகின்றது. பிஸ்டனின் பரப்பு 2 சதுர சென்ரிமீற்றர். எனவே குழாயினுள் எழும் அமுக்கம் சதுர சென்ரிமீற்றருக்கு 45 கிலோகிராம். இது நம்மைச் சூழ்ந்துள்ள வளியின் அமுக்கத்தைப் போல ஏறக்குறைய 45 மடங்கு. இந்த அமுக்கத்திலே திரவம் ஆயிரத்தில் ஓரிரு பங்கே சுருங்கும். ஆனால் தேக்கரண்டியிற் கால்பங்கான ஒரு காற்றுக்குமிழியோ கடுகளவாக ஒடுங்கிவிடும். ஒடுங்கிய அந்த இடத்தை நிரப்புவதற்கே கால்வாசித் திரவம் செலவாகின்றது. ஸ்லேவ் சிலிண்டரின் தண்டு 17 மில்லிமீற்றருக்குப் பதிலாக 13 மில்லிமீற்றரோடு நின்றுவிடுகின்றது. தட்டுப் பிரிவதற்கு 15 மில்லிமீற்றர் வேண்டுமெனின், மிதி தரையைத் தொட்டும் தட்டுப் பிரியவில்லை. காலுக்கு வேலை கொடுத்தோம். அந்த வேலையைக் காற்றுத் தின்றுவிட்டது.

காற்றுப் புகுந்த வண்டியின் குணங்கள் சாரதிகளுக்குப் பழக்கமானவை. மிதி பஞ்சுபோல் மெத்தென்றிருக்கும். மேலிருந்து நெடுந்தூரம் இறங்கிய பின்னரே கிளச்சு வேலை செய்யத் தொடங்கும். முதலாங் கியரும் பின்செல்லுங் கியரும் கறகறவென்று ஒலிக்கும். இரண்டு மூன்று முறை விரைந்து அழுத்தினால் மிதி கடினமாகிக் கியர் விழும். சற்றுப் பொறுத்தாற் பழைய நிலைக்கே திரும்பும். விரைந்து அழுத்தும்போது மேற்பாத்திரத்திலிருந்து சிறிது திரவம் கூடுதலாக உள்ளே இறங்கி, காற்றுத் தின்ற இடத்தை ஈடுசெய்கின்றது. மிதியை விட்டு ஓய்ந்திருக்கையில் அது மீண்டும் பாத்திரத்துக்கே சென்றுவிடுகின்றது. ஆகவே இது மருந்தன்று, நோயின் அடையாளம்.

இதற்கு நேர்மாறான குணம் ஒன்றுண்டு. எஞ்சின் இரைகின்றது, வண்டி இழுக்கவில்லை. கடுகண்ணாவை ஏற்றம் போன்ற இடங்களில் எரிந்த வாடையும் எழுகின்றது. இது தட்டு வழுக்குவதால் வருவது. காற்றுக்கும் இதற்கும் தொடர்பில்லை. குழாயிலுள்ள காற்றுத் தட்டைப் பிரிய விடாது தடுக்கும். பிடிக்க விடாது தடுக்காது. இந்த வேறுபாட்டை மனத்திற் கொள்ளாது வண்டியைக் கராச்சிற் கொண்டுபோய் நிறுத்துவோர் வீண் செலவுக்கு ஆளாகின்றனர்.

வீண் செலவு என்றேன். கியர் விழவில்லை என்றவுடன் கியர்ப்பெட்டியைக் கழற்றித் தட்டை மாற்றும் வழக்கம் சிலரிடம் உண்டு. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை இது. ஒரு நாள் உழைப்பும் புதுத் தட்டின் விலையும் போன பின்னர், அதே மெத்தென்ற மிதியோடு வண்டி வீடு திரும்பும். கியர்ப்பெட்டியிற் கைவைப்பதற்கு முன்னர் ஒரு சோதனையைக் கட்டாயம் செய்வித்தல் வேண்டும். எஞ்சினை நிறுத்தி, சில்லுகளுக்குக் கட்டை வைத்து, கைப் பிறேக்கை இழுத்துவிட்டு, ஒருவர் மிதியை அடிவரை அழுத்த, மற்றவர் ஸ்லேவ் சிலிண்டரின் தண்டு எவ்வளவு நகர்கின்றதென்று அடிமட்டத்தால் அளக்கட்டும். வண்டியின் கைந்நூலிற் கூறிய அளவு நகர்ந்தும் கியர் விழவில்லையெனில், குறை உள்ளே, தட்டிலோ கவையிலோ இருக்கின்றது. குறைவாக நகர்ந்தால், குறை திரவத்தின் பாதையில் இருக்கின்றது; கியர்ப்பெட்டியைத் தொடவேண்டிய தேவை இல்லை. புதிய கார்கள் சிலவற்றில் ஸ்லேவ் சிலிண்டரே கியர்ப்பெட்டியின் உறைக்குள் வளையமாக அமைந்திருப்பதால் இவ்வாறு அளக்க இயலாது. மற்ற வண்டிகளில் இந்த அளவை ஐந்து நிமிட வேலை.

திரவத்தின் பாதையிற் குறை என்று தெரிந்தாலும், அது காற்றுத்தான் என்று உடனே முடிவு கட்டலாகாது. மிதியை அழுத்திப் பிடித்தபடியே இருக்கையில் அது மெல்ல மெல்லத் தாழ்ந்தால், மாஸ்டர் சிலிண்டரின் கப் தேய்ந்து, திரவம் அதன் ஓரத்தால் நழுவுகின்றது என்று அறிக. பழைய றப்பர்க் குழாய் அமுக்கத்திற் பலூன்போல் வீங்கினாலும், காற்றுப் புகுந்ததைப் போன்ற மென்மையே மிதியில் தோன்றும். எத்தனை முறை காற்றெடுத்தாலும் தீராது. உதவியாளர் மிதியை அழுத்தும்போது அக்குழாயைக் கையாற் பற்றிப் பார்த்தால் வீக்கம் புலப்படும்.

இனி, காற்று எவ்வழியாற் புகுகின்றது? பாத்திரம் வற்றியிருந்தால் விடை எளிது. ஆயினும் பாத்திரம் நிறைந்திருக்கையிலும் காற்றுப் புகுவதுண்டு. இதுவே பலரை மயக்குவது. கப் றப்பரின் விளிம்பு அமுக்கத்தின் பக்கம் பார்த்து விரிந்திருக்கும். அழுத்தும்போது அமுக்கமே அவ்விளிம்பைச் சுவரோடு சேர்த்து அடைத்துவிடும். மிதியை விடும்போதோ பிஸ்டன் பின்வாங்க, உள்ளே ஒரு கணம் அமுக்கம் குறைகின்றது. விளிம்பு தேய்ந்திருந்தால் அக்கணத்தில் வெளிக்காற்று உள்ளே நழுவும். ஒரு துளி திரவமும் வெளியே வராமலே காற்று உட்புகுவது இவ்வாறுதான். ஸ்லேவ் சிலிண்டரின் முனையிலுள்ள றப்பர் உறையைப் பின்தள்ளிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அந்தக் கப்பின் ஆயுள் முடிந்தது. மாஸ்டர் சிலிண்டர் கசிந்தால், மிதியின் தண்டு வழியே திரவம் இறங்கிச் சாரதியின் காலடி விரிப்பை நனைக்கும். குழாய்ப் பூட்டுகளையும் காற்றெடுக்கும் நிப்பிளையும் பார்க்க மறத்தலாகாது. புகும் வழியை அடைக்காது காற்றை மட்டும் எடுப்பது, ஓட்டைத் தோணியில் நீர் இறைப்பதற்கு ஒப்பாகும்.

காற்றெடுத்தற்கு இருவர் வேண்டும். பாத்திரத்தைப் புதிய திரவத்தால் நிரப்புக. நிப்பிளில் ஒரு தெளிந்த குழாயை மாட்டி, அதன் மறுமுனையைச் சிறிது திரவம் உள்ள போத்தலினுள் அமிழ்த்தி வைக்க. ஒருவர் மிதியை மெதுவாக அழுத்திப் பிடிக்கட்டும், மற்றவர் நிப்பிளைச் சற்றே தளர்த்தட்டும், குமிழிகள் வெளியேறும். நிப்பிளைப் பூட்டிய பின்னரே மிதியை விடுதல் வேண்டும். இந்த வரிசை பிழைத்தால் வெளியேற்றிய காற்று மீண்டும் உள்ளே வரும். மிதியைப் படபடவென்று அடிப்பதும் தவறு. பெரிய குமிழி பல சிறு குமிழிகளாக நொறுங்கித் திரவத்திற் கலந்து நுரைக்கும், பின் எளிதில் வெளிவராது. நான்கைந்து அழுத்தங்களுக்கு ஒரு முறை பாத்திரத்தைப் பார்த்து நிரப்புக. துருவேறிய நிப்பிளுக்கு வளைய ஸ்பனரையே பயன்படுத்துக. திறந்த வாய் ஸ்பனர் அதன் முனைகளை மழுக்கிவிடும்.

எவ்வளவு எடுத்தும் மிதி திருந்தவில்லையா? காற்று எப்போதும் மேலே ஏறும் இயல்புடையது. நாமோ அதைக் கீழே உள்ள நிப்பிள் வழியாக இறக்கப் பார்க்கின்றோம். குழாயின் உயர்ந்த வளைவில் அது ஒளிந்திருக்கும். அப்போது சுத்தமான எண்ணெய்க் குவளையாலோ ஊசிக்குழலாலோ நிப்பிளின் வழியே திரவத்தை மேல்நோக்கிச் செலுத்தினால், காற்றுத் தன் இயல்பான பாதையிற் பாத்திரத்துக்கு ஏறிவிடும். பாத்திரம் பொங்கி வழியாதபடி ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். பிறேக் திரவம் வண்டியின் வர்ணத்தை அரித்துவிடும். மிதியின் தண்டுக்கும் பிஸ்டனுக்கும் இடையில் மயிரிழை இடைவெளி இருத்தலும் இன்றியமையாதது. அவ்விடைவெளி இல்லையேற் பிஸ்டன் முழுதாகப் பின்வராது. பாத்திரத்துக்குச் செல்லும் சிறு துளை திறக்காது. காற்றுக்கு வெளியேற வழியே இராது. பலர் இதைச் சோதிப்பதில்லை.

திரவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முற்காலத்தில் ஆமணக்கெண்ணெயையும் மதுசாரத்தையும் கலந்து இத்திரவத்தை ஆக்கினர். இக்காலத்துத் திரவங்கள் பெரும்பாலும் கிளைக்கோல் வகையின. எஞ்சின் எண்ணெயை அவசரத்துக்கு ஊற்றலாமா என்று கேட்போர் உளர். கூடவே கூடாது, கனிய எண்ணெய் பட்ட கப் றப்பர் ஊதிப் பருத்து, இரண்டு சிலிண்டர்களையும் கெடுத்துவிடும். பிறேக்குக்கும் கிளச்சுக்கும் ஒரே பாத்திரம் உள்ள வண்டிகளில் இப்பிழை உயிருக்கே உலை வைக்கும். பாத்திரத்தின் மூடியிற் குறித்துள்ள வகையையே ஊற்றுக. கிளைக்கோல் திரவம் வளியிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 வகைப் புதுத் திரவம் குறைந்தது 205 பாகை செல்சியஸ்வரை கொதியாதிருத்தல் வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடுகின்றது. புகைக்குழாயின் அருகே ஸ்லேவ் சிலிண்டர் உள்ள வண்டி மலையேறுகையில், ஈரமேறிய திரவம் கொதித்து ஆவியாகலாம். ஏறும்போது மிதி தாழ்ந்து, குளிர்ந்தபின் தானே திருந்தினால், அங்கே புகுந்தது காற்றன்று, ஆவி. திரவம் முழுவதையும் மாற்றுவதே அதற்குப் பரிகாரம். மூடி திறந்து நெடுநாள் கிடந்த போத்தலிலிருந்தும், காற்றெடுக்கும்போது வெளிவந்த திரவத்திலிருந்தும் ஒரு துளியையேனும் மீண்டும் பாத்திரத்தில் ஊற்றலாகாது.

வேலை முடிந்தபின் வண்டியை இரவு முழுவதும் அப்படியே விட்டு, காலையில் எஞ்சினை இயக்குமுன் மிதியை ஒரே ஒரு முறை அழுத்திப் பாருங்கள். முதல் அழுத்தத்திலேயே அது உறுதியாக நின்றாற் காற்றுப் போய்விட்டது. மீண்டும் தாழ்ந்திருந்தாற் கப் றப்பர்களை மாற்றும் நாள் அதுவே.