குச்சியும் போத்தலும் போதும்

கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் 12 மணிக்கு அல்ல. பிப்ரவரி நடுவில் மணி 1:27 ஆகிவிடும். நவம்பர் தொடக்கத்தில் 12:57. ஆண்டு முழுமைக்கும் சராசரி பார்த்தால் 1:13. இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு மீட்டர் குச்சி, சுண்ணக்கட்டி, பள்ளித் திடலில் வெயில் படும் ஒரு மூலை, நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் சிலர் இருந்தால் போதும்.

நான் பிறந்து வளர்ந்தது கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ். ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றது கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில். பணியில் இருந்த காலமெல்லாம் ஒன்றை வற்புறுத்தி வந்தேன். பூமியையும் வானத்தையும் பருவநிலையையும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதென்றால், அவர்கள் நிற்கும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும். அவர்கள் கையாலேயே அளக்க வைக்க வேண்டும். நம் பிள்ளைகள் பார்க்கும் படங்களும் காணொளிகளும் பெரும்பாலும் வட நாடுகளில் உருவானவை. வசந்தம், இலையுதிர்காலம், பனி என்று நான்கு பருவங்களை அவை காட்டும். கிள்ளானில் நமக்கு இருப்பது வெயிலும் மழையும் பருவக்காற்றும் புகைமூட்டமும்தான். நம் ஊரை நாமே அளக்காவிட்டால் வேறு யார் அளந்து தருவார்கள்?

நிழல் சொல்லும் நேரம்

முறை எளிது. குச்சியைச் செங்குத்தாக நட்டு, காலை 11 மணியிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் புள்ளி வைக்க வேண்டும். எந்தப் புள்ளி குச்சிக்கு மிக அருகில் இருக்கிறதோ, அதுவே அந்த இடத்தின் உண்மையான நண்பகல். அந்நேரத்து நிழல் வடக்கு தெற்காகக் கிடக்கும் என்பதால் திசைகாட்டி இல்லாமலே திசையும் கிடைத்துவிடும். சூரியனை மட்டும் நேராகப் பார்க்கவே கூடாது என்று தொடங்கும்போதே கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும்.

“டீச்சர், அப்படின்னா கடிகாரம் தப்பா?” என்று ஒரு பெண் கேட்டாள். அந்தக் கேள்விக்காகத்தான் நான் வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டது; சபா, சரவாக்குடன் நாடு முழுக்க ஒரே நேரம் வந்தது. அந்த நேரம் கிழக்கே 120 பாகை தீர்க்கரேகைக்கு உரியது. கோலாலம்பூர் இருப்பதோ 101.7 பாகையில். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். இடையில் உள்ள பதினெட்டேகால் பாகைக்கு எவ்வளவு என்று பிள்ளைகளையே கணக்குப் போடச் சொன்னேன். 73 நிமிடம் வந்தது. பூமி தன்னைத் தானே சுற்றுகிறது என்ற வரியை மனப்பாடம் செய்த பிள்ளைக்கும், 73 நிமிடத்தைக் கணக்கிட்டுப் பார்த்த பிள்ளைக்கும் உள்ள வேறுபாடு பெரிது.

நிழல் விழும் பக்கமும் நம் ஊரில் மாறும். டிசம்பர் கடைசியில் ஒரு மீட்டர் குச்சியின் நண்பகல் நிழல் வடக்கே 50 சென்டிமீட்டர் நீளும். ஜூன் கடைசியிலோ அது தெற்கே திரும்பி 37 சென்டிமீட்டர் ஆகிவிடும். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 3 பாகையில் நாம் இருப்பதால் வரும் சிறப்பு இது. இடையில் மார்ச் 28 வாக்கிலும் செப்டம்பர் 15 வாக்கிலும் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். குச்சிக்கு நிழலே இருக்காது. தமிழ்நாட்டில் இதை நிழலில்லா நாள் என்பார்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர் அதைப் பள்ளிப் பிள்ளைகளோடு கூடிப் பார்ப்பார்கள். சென்னைக்கு அது ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் வருகிறது.

என் சித்தி மகள் சென்னையில் ஆசிரியை. ஓர் ஆண்டு மார்ச் 21 அன்று அவள் பிள்ளைகள் அங்கேயும் என் பிள்ளைகள் இங்கேயும், அவரவர் நண்பகலில் ஒரு மீட்டர் குச்சியின் நிழலை அளந்தார்கள். அங்கே ஏறத்தாழ 23 சென்டிமீட்டர், இங்கே ஐந்தரை. கோணமாக்கினால் சென்னைக்கு 13 பாகை, நமக்கு 3. வேறுபாடு 10 பாகை, அதாவது ஒரு முழு வட்டத்தில் 36இல் ஒரு பங்கு. இரண்டு ஊர்களுக்கும் இடையே வடக்கு தெற்காக மட்டும் உள்ள தூரம் ஏறக்குறைய 1,100 கிலோமீட்டர். 36ஆல் பெருக்கினால் 39,600 கிலோமீட்டர். பூமியின் உண்மையான சுற்றளவு ஏறத்தாழ 40,000. இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் செய்த அதே கணக்கை, இரண்டு தமிழ் வகுப்பறைகள் வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டே செய்து முடித்தன.

பண்டிகைகளில் தெரியும் நிலவு

ஐந்தாம் ஆண்டில் நிலவின் பிறைகள் பாடமாக வரும். மலேசியப் பிள்ளைகளுக்கு இதைக் கற்பிக்க நாட்காட்டியே பெரிய துணை. தீபாவளி அமாவாசையை ஒட்டி வரும், தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வரும். சீனப் புத்தாண்டு அமாவாசையில் தொடங்கி, பதினைந்தாம் இரவு சாப் கோ மே கொண்டாடும்போது முழுநிலவு. நோன்புப் பெருநாளோ பிறை பார்த்து வருவது. நான்கு பண்டிகைகளையும் ஒரு தாளில் குறித்து, அந்தந்த இரவு வானத்தைப் பார்த்து வரையச் சொன்னால், நிலவின் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 29 நாள் 12 மணி நேரம் என்பது பிள்ளைக்குத் தானாகப் புரிந்துவிடும்.

அப்படி வரையும்போது இன்னொன்றும் தெரிய வரும். படங்களில் பிறை நிமிர்ந்து நிற்கும். நம் வானத்தில் மாலைப் பிறை பெரும்பாலும் இரு முனைகளும் மேலே நோக்க, படகுபோல் கிடக்கும். தலைக்கு அருகாகச் செல்லும் பாதையில் நிலவு ஏறக்குறைய நேராகக் கீழிறங்கி மறைவதால் வரும் தோற்றம் அது. வகுப்பறையை இருட்டாக்கி, ஒரே ஒரு விளக்கைப் போட்டு, பென்சில் முனையில் பிங்பாங் பந்தைச் செருகி, பிள்ளை அதைக் கையில் நீட்டிப் பிடித்தபடி மெல்லச் சுற்றினால் எல்லாப் பிறைகளும் பந்தின் மேல் தெரியும். பிள்ளையின் தலைதான் பூமி. தலையைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்க்கச் சொன்னால் நம் ஊர்ப் பிறையும் கிடைத்துவிடும்.

நிலவின் வேலையைக் கடலிலும் பார்க்கலாம். கிள்ளான் குடும்பங்கள் காற்று வாங்கவும் கடலுணவுக்கும் போகும் தஞ்சோங் ஹாராப்பானில், அமாவாசை, பௌர்ணமி நாட்களில் கடல் ஏற்றத்துக்கும் வற்றலுக்கும் இடையே ஏறக்குறைய 4 மீட்டர் வேறுபாடு இருக்கும். பாறையில் நீர் எட்டிய ஈரக்கோட்டை வாரா வாரம் படமெடுத்து வரச் சொல்வேன். அரைநிலவு நாட்களில் கோடு கீழே இறங்கியிருக்கும்.

மண்ணும் மழையும்

1881இல் கோலாலம்பூரை முதலில் தீ அழித்தது, பிறகு வெள்ளம் அழித்தது. அத்தாப்பு ஓலைக் கூரைகளுக்குப் பதில் செங்கல் கட்டடங்கள் எழுந்தன. அதற்காகச் சீனர்களின் தலைவர் யாப் ஆ லோய் செங்கல் சூளைகள் அமைத்த பகுதிதான் பிரிக்பீல்ட்ஸ். அங்கே களிமண் கிடைத்தது. அந்தக் களிமண்ணுக்கும் மற்ற மண்ணுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகளே சோதித்துப் பார்க்கலாம்.

மூன்று போத்தல்களின் அடிப்பகுதியை வெட்டி, கழுத்தில் துணி கட்டித் தலைகீழாக நிறுத்துங்கள். ஒன்றில் மணல், ஒன்றில் தோட்டத்து மண், ஒன்றில் களிமண். ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, கீழே சொட்டும் நேரத்தைக் குறியுங்கள். மணல் உடனே விட்டுவிடும், தோட்டத்து மண் கொஞ்சம் வைத்துக்கொள்ளும், களிமண்ணில் தண்ணீர் மேலேயே தேங்கி நிற்கும். நான்காவதாக ஒரு சிமெண்டுத் தட்டைச் சாய்த்து வைத்து அதிலும் ஊற்றுங்கள். ஒரு சொட்டுகூட உள்ளே போகாது. எல்லாம் லோங்காங் எனும் வடிகாலுக்கு ஓடிவிடும். லோங்காங் எங்கே போகிறது? கிள்ளான் ஆற்றுக்கு. கோலாலம்பூரைக் கடந்து, பிரிக்பீல்ட்ஸை ஒட்டி ஓடி, ஷா ஆலம், கிள்ளான் வழியாகக் கடலில் சேரும் அதே ஆறு. ஒரு நகரம் எவ்வளவு சிமெண்டு போட்டதோ அவ்வளவு வேகமாக மழை ஆற்றுக்கு வருகிறது என்று அதன்பின் நான் சொல்ல வேண்டியதில்லை.

மழைமானி செய்வதும் சுலபம். பக்கங்கள் நேராக உள்ள ஒரு நெகிழிப் போத்தலின் தலைப்பகுதியை வெட்டி, கவிழ்த்து, புனலாக அதன் மேலேயே வைக்க வேண்டும். அடிப்பகுதி மேடுபள்ளமாக இருக்கும் என்பதால் சிறு கற்கள் போட்டு, அவை மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூஜ்ஜியக் கோடு போட வேண்டும். மரமும் கூரையும் இல்லாத இடத்தில் வைத்து, தினமும் காலை ஒரே நேரத்தில் பார்த்து எழுத வேண்டும். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். 2,000 சதுர மீட்டர் திடலில் 50 மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லட்சம் லிட்டர். இந்தக் கணக்கு வந்த நாளில் வகுப்பு வாயடைத்துப் போகும். மழை தொடங்கிய நேரத்தையும் சேர்த்து எழுதினால், ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை ஏன் அதிகம் என்ற கேள்வி வரும். காலை வெயிலில் சூடேறிய நிலம், மலாக்கா நீரிணையிலிருந்து வரும் ஈரக்காற்று என்று விடையும் பின்னாலேயே வரும்.

டிசம்பர் 18

2021 டிசம்பர் 18ஐ கிள்ளான் பள்ளத்தாக்கில் யாரும் மறக்க முடியாது. ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் கொட்டியது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மாடிகளிலும் கூரைகளிலும் காத்திருந்தார்கள். நாடு முழுவதும் 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். என் பழைய மாணவர்களின் வீடுகளில் புத்தகம், துணி, பிறப்புப் பத்திரம் எல்லாம் போயின. நீர் வடிந்தபின் சுவரில் சேற்றுக்கோடு மிஞ்சியது. ஒரு பையன் அளவுநாடா எடுத்துத் தன் வீட்டுக் கோட்டையும் பக்கத்து வீட்டுக் கோட்டையும் அளந்து என்னிடம் காட்டினான். தரையிலிருந்து இரண்டும் ஒரே உயரத்தில் இல்லை. “நிலம்தான் சாய்வா இருக்கு டீச்சர், தண்ணி நேராத்தான் இருந்திருக்கு” என்றான். அழுதுகொண்டிருந்த வீட்டில் அந்தப் பிள்ளைக்குப் பிடிமானமாக இருந்தது அந்த அளவுநாடா.

வகுப்பில் பருவநிலை மாற்றத்தைப் பனிக்கரடியின் படத்தோடு தொடங்குகிறோம். நம் பிள்ளைகள் பனிக்கரடியைப் பார்த்ததில்லை. வெள்ளத்தைப் பார்த்திருக்கிறார்கள். 2005 ஆகஸ்டில் புகைமூட்டத்தால் போர்ட் கிள்ளானில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டதைப் பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறார்கள். அங்கிருந்து தொடங்கலாம். ஒரு குவளையில் வெந்நீர், இன்னொன்றில் குளிர்ந்த நீர். இரண்டையும் நெகிழித் தாளால் மூடி மேலே பனிக்கட்டி வைத்தால், வெந்நீர்க் குவளையின் தாளில் அதிகத் துளிகள் கட்டும். காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதலாக நீராவி தாங்கும். தாங்கிய நீர் பெய்யும்போது கனமாகப் பெய்யும்.

இன்னொரு சோதனைக்கு இரண்டு கிண்ணங்கள் வேண்டும். ஒன்றில் பனிக்கட்டி தண்ணீரில் மிதக்கட்டும். மற்றதில் நீர்மட்டத்துக்கு மேலே தெரியும் ஒரு கல்லின் மீது பனிக்கட்டி உட்காரட்டும். இரண்டிலும் நீர்மட்டத்தைக் குறித்துவிட்டுக் காத்திருங்கள். மிதந்த பனி உருகினால் மட்டம் மாறாது. கல்லின் மேலிருந்த பனி உருகினால் மட்டம் உயரும். கிரீன்லாந்துப் பனி உருகுவது நம் அருகே பூலாவ் கெத்தாம் தீவில் கால்களின் மேல் நிற்கும் வீடுகளுக்கு ஏன் கவலை என்பது இதில் விளங்கும்.

கண்ணாடிச் சாடியை வெயிலில் வைத்துப் பசுமைக்குடில் விளைவு என்று காட்டுவது வழக்கம். சாடி சூடாவது காற்று வெளியேற வழியில்லாததால். கரியமில வாயு செய்வது வேறு: பூமி வெளிவிடும் வெப்பக்கதிரை அது உறிஞ்சி, ஒரு பங்கைத் திரும்ப அனுப்புகிறது. சோதனை எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை என்பதையும் பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். அந்த நேர்மையும் அறிவியல் பாடத்தில் அடங்கும்.

நேரம் எங்கே என்பவர்களுக்கு

இது புது வழி அல்ல. 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்துக் கிராமப் பள்ளிகளில், கையில் கிடைக்கும் பொருளைக் கொண்டு செய்து கற்கும் அறிவியல் திட்டம் தொடங்கி முப்பது ஆண்டு நடந்தது. பிரான்சில் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜார்ஜ் ஷார்பாக் 1996இல் இதே நோக்கில் தொடக்கப்பள்ளிகளுக்கான இயக்கம் ஒன்றைத் தொடங்கினார். இங்கே அஸ்தி என்று நாம் அறிந்த அறிவியல் இயக்கம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்காக அறிவியல் விழாக்கள் நடத்துகிறது. தாமே கேள்வி எழுப்பி, தாமே சோதித்து, நடுவர் முன் விளக்கும் பிள்ளைகளை அங்கே பார்க்கலாம். 1994இல் அதிகாரப்பூர்வமாகத் திறக்கப்பட்ட தேசியக் கோளரங்கம் பிரிக்பீல்ட்ஸிலிருந்து சிறிது தூரம்தான்.

யுபிஎஸ்ஆர் தேர்வுக்கே நேரம் போதவில்லை என்ற காரணமும் இப்போது இல்லை. ஆறாம் ஆண்டில் எழுத வேண்டியிருந்த அந்தத் தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. பாடத்திட்டத்தில் மூன்றாம் ஆண்டில் சூரியக் குடும்பம், நான்கில் பூமியின் சுழற்சி, ஐந்தில் நிலவு, ஆறில் கிரகணம் என்று வரிசையாக இடம் இருக்கிறது. தேவை வாரம் ஒரு மணி நேரம் திடலுக்கு இறங்கும் மனம்.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். நாட்டில் 520க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஒரு மழைமானி வையுங்கள். தினசரி அளவைப் பிள்ளைகளே எழுதும் ஒரு பெரிய குறிப்பேடு வாங்கிக் கொடுங்கள். இந்த ஆண்டின் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் அடுத்த ஆண்டுப் பிள்ளைகளிடம் அதை ஒப்படைக்கட்டும். பத்தாண்டு கழித்து, தம் ஊரில் மழை எப்படி மாறியிருக்கிறது என்று யாரையும் கேட்காமல் சொல்லக்கூடிய ஒரு தலைமுறை நமக்கு இருக்கும்.